பிறர் நிலத்தில் ஓடும் வண்டி

'கோ-கார்ட்' என்பது கூரையும் கதவுமின்றித் தரையை ஒட்டி ஓடும் சிறு மோட்டார் வண்டியாகும். 1956-ஆம் ஆண்டில், கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கெல்ஸ் என்பவர் புல்வெட்டும் இயந்திரத்திற்குரிய என்ஜினைப் பொருத்தி இதனை முதன்முதல் அமைத்தார்.

வண்டி பிறந்தது, ஓட்ட இடம் வேண்டுமே! பசடீனா நகரின் ரோஸ் பவுல் விளையாட்டரங்கில், வண்டிகள் நிறுத்தும் வெளி விசாலமாய்க் கிடந்தது. ஆர்வலர்கள் அங்கே கூடி ஓட்டினர். இரைச்சல் பொறாத அக்கம்பக்கத்தார் முறையிடவே, அவ்விடத்தை இழந்தனர். பின்னர்ச் சங்கம் அமைத்தனர்; அசூசா நகரில் இவ்வோட்டத்திற்கென்றே தனித் தடமும் எழுந்தது.

இதிலிருந்து நாம் அறிவது யாது? ஆளில்லாத இடமெல்லாம் உரியவரில்லாத இடம் அன்று. காவற்காரர் தலையசைத்தால் போதாது. நிலத்திற்கு உடையவரையே கேட்டல் வேண்டும். குத்தகைக்கு விட்ட நிலமாயின் குத்தகைதாரரின் இசைவும் வேண்டும். எந்த நாள், எவ்வளவு நேரம், எத்தனை வண்டிகள், மேற்பார்வை யாருடையது, தீயணைக்கும் ஏற்பாடு என்ன, காயமோ சேதமோ நேரின் பொறுப்பு எவருடையது என்பவற்றை எழுதிக் கையொப்பம் பெறுதல் நலம்.

இன்னும் ஒன்று. தம் நிலத்திற்கு உடையவர் இசைவு தரலாம். அயலாரின் செவிகளுக்காக அவர் இசைவு தர இயலாது. ஆதலின் அவர்களிடமும் முன்கூட்டிச் சொல்லுங்கள். உடையவர் மறுப்பாராயின், வணங்கி விடைபெறுங்கள். இன்று மனங்கோணாது திரும்பும் மாணவனுக்கு, நாளை அதே கதவு திறக்கக் கூடும்.