குறியுதவியும் படவேகமும்

விளையாட்டுப் பெட்டிகளைப் பற்றி நம் மாணவரிடையே எழும் வாதங்களுள் ஓயாது நடைபெறுவது ஒன்றுண்டு. கைப்பிடி கொண்டு ஆடுவோன் எய்த குண்டு இலக்கிற் பட்டால், அஃது அவன் திறமையா, பெட்டியின் திறமையா என்பதே அது. ஒரு சாரார், ‘எய்ம் அசிஸ்ட்’ என வழங்கும் குறியுதவி இல்லாவிடின் அவன் சுவரையன்றி வேறொன்றையும் சுடான் என்பர். மற்றொரு சாரார், அவ்வுதவி இன்றேல் கட்டைவிரலால் ஆடுதலே இயலாது என்பர். அவ்வுதவி நிகழும் முறையை ஆராயாமலே இருசாராரும் வழக்காடுகின்றமையின், அதனையும், அதனோடு பின்னிக் கிடக்கும் படவேகத்தையும் ஈண்டுச் சிறிது விளக்கப் புகுகின்றோம்.

கணிப்பொறியின் மவுஸைக் கொண்டு ஆடுவோன், அதனை எவ்வளவு நகர்த்துகின்றானோ அவ்வளவே குறி நகரும். கை நின்றால் குறியும் நிற்கும். கைப்பிடியிலுள்ள குமிழோ வேறு இயல்பினது. அது சாயும் அளவு இடத்தைக் குறிப்பதன்று, வேகத்தைக் குறிப்பது. சிறிது சாய்த்தால் பார்வை மெல்லத் திரும்பும். நன்கு சாய்த்தால் விரைந்து திரும்பும். குமிழ் நடுவுக்கு மீண்டால்தான் நிற்கும். ஆதலின் ஓடும் பகைவன்மேல் குறிவைக்க விரும்புவோன், இடத்தை நேரே சுட்டாமல், வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் அவ்விடத்தை அடைய வேண்டியவனாகின்றான். போதாக்குறைக்கு, குமிழின் நடுவே சிறு அசைவுகளைக் கணக்கிற் கொள்ளாத ஒரு வட்டம் விடப்பட்டிருக்கும். இல்லையேல் விரல் படாதபோதும் பார்வை தானே நகர்ந்துவிடும். நுண்ணிய திருத்தத்திற்கு வேண்டிய அசைவுகளுட் சில அவ்வட்டத்திலேயே மறைந்துபோகின்றன.

இக்குறையை ஈடுசெய்தற்கு உதவி வேண்டுமென்பது பழைய எண்ணமே. 1993-இல் வெளிவந்த ‘டூம்’ விளையாட்டில் குண்டு மேலும் கீழும் தானே திருந்திச் சென்றது. 1997-இல் நிண்டெண்டோ 64 பெட்டிக்கு வந்த ‘கோல்டன்ஐ’யிலும் குறியுதவி இருந்தது. 2001-இல் முதல் எக்ஸ்பாக்ஸ் பெட்டியுடன் வந்த ‘ஹேலோ’, ஆடுவோன் உணராதவாறே உதவும் முறையைப் பரவச் செய்தது.

இன்று வழங்கும் உதவி பெரும்பாலும் இருவகை. குறி பகைவனை அணுகும்போது பார்வை திரும்பும் வேகத்தைத் தானே தணிப்பது ஒன்று. சேற்றில் கால் வைத்தாற்போல் குறி அங்கே சற்றுத் தயங்கும். பகைவன் நகரும் திசையிலேயே பார்வையையும் சிறிது இழுத்துச் செல்வது மற்றொன்று. பல விளையாட்டுக்களில் இவ்விழுப்பு, ஆடுவோன் குமிழை அசைத்துக்கொண்டிருக்கும் வரையில்தான் இயங்கும். முன்னதைக் குறித்துப் பெரிதாக வழக்கில்லை. வழக்கெல்லாம் பின்னதைப் பற்றியதே. அதன் காரணத்தை அறியப் படவேகத்தை அறிதல் வேண்டும்.

பட்டு நெசவிற் பழகிய எமது தேவிகாபுரத்தார்க்கு இதனை விளக்குதல் எளிது. சேலையின் கரையில் வரும் மயிலின் கழுத்து, உண்மையில் வளைகோடு அன்று. ஊடை ஒவ்வொன்றாய் விழ, இழை இழையாய்த் தள்ளி அமையும் படிக்கட்டேயாம். ஓர் அங்குலத்தில் விழும் ஊடை மிகுந்தால் படிகள் சிறுத்து வளைவாகத் தோன்றும். குறைந்தால் படி படியாகவே தெரியும். துணியில் அங்குலம் செய்வதைத் திரையில் வினாடி செய்கின்றது. ‘ஃபோர்ட்நைட்’ என்னும் ஒரே விளையாட்டு, 2017-இல் வந்த நிண்டெண்டோ ஸ்விட்சில் வினாடிக்கு 30 படமாகவும், பிளேஸ்டேஷன் 4-இல் 60 படமாகவும், 2020-இல் வெளிவந்த பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் ஆகியவற்றில் 120 படம் வரையிலும் ஓடக் காண்கின்றோம். ஒரு படம் திரையில் நிற்கும் காலம் முறையே ஏறத்தாழ 33, 17, 8 மில்லி வினாடி.

மனிதன் கண்ணாற் கண்டதற்குக் கையால் விடையளிக்க ஏறத்தாழ 200 மில்லி வினாடி செல்லும். பகைவன் திடீரெனத் திசை மாறினான் என்க. மவுஸ் பிடித்தவன் அந்த 200 மில்லி வினாடியும் பழைய திசையிலேயே செல்வான். இழுப்புதவிக்கோ கண்ணுமில்லை, நரம்புமில்லை. பகைவன் இருக்குமிடத்தை அது கணக்கிலிருந்தே எடுத்துக்கொண்டு, அடுத்த படத்திலேயே திரும்பத் தொடங்குகின்றது. ஆடுவோனின் கை விழித்துக்கொள்ளுமுன், 30 படப் பெட்டியில் அது 6 முறையும், 120 படப் பெட்டியில் 24 முறையும் குறியைத் திருத்திவிடும். புதிய பெட்டிகளில் உதவி ‘ஒட்டிக்கொள்கிறது’ என்று மாணவர் கூறுவதில் உண்மை உண்டு.

24 முறை என்றதனால் இழுப்பின் மொத்த வலிமை நான்கு மடங்காயிற்று என்று கொள்ளற்க. ‘ஒரு படத்திற்கு இவ்வளவு இழு’ என்று எழுதினால் அவ்வாறே ஆகும். ‘கழிந்த காலத்திற்கு இவ்வளவு’ என்று எழுதுவதே முறை. இவ்விதியை மறந்தார் பட்ட பாடு வேடிக்கையானது. ‘டார்க் சோல்ஸ் 2’ என்னும் விளையாட்டு 2014-இல் கணிப்பொறிக்கு வந்து 60 படமாக ஓடியபோது, 30 படத்திற்கு அமைந்த கணக்கினால் வாள்கள் இருமடங்கு விரைவில் தேய்ந்தன! 1978-இல் டொமோஹிரோ நிஷிகாடோ ஆக்கிய ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ஸில் இத்தகைய குறையே சுவையாயிற்று, பகைவர் குறையக் குறைய வரையும் வேலை குறைந்து, எஞ்சியோர் விரைந்து பாய்ந்தனர்.

இனி நியாயம் யாது? 2018 முதல் ஃபோர்ட்நைட்டில் பிளேஸ்டேஷன் உட்படப் பல பெட்டிகளிலிருந்து ஆடுவோரும், மவுஸ் கொண்டு ஆடுவோரும் ஒரே களத்திற் கூடுகின்றனர். 2022 டிசம்பரில் நம் நாட்டு அரசு மின்னணு விளையாட்டை இளைஞர் நல, விளையாட்டு அமைச்சகத்தின்கீழ்க் கொணர்ந்தது; 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் அதற்குப் பதக்கமும் வழங்கப்பெற்றது. பதக்கம் வந்தபின் இது வெறும் திண்ணைப் பேச்சன்று. உதவி என்பது எவ்விடத்தில் முடிந்து, பதிலாள் எவ்விடத்தில் தொடங்குகின்றான்? நெசவூரார் இவ்வினாவை நெடுங்காலமாக அறிவர். எந்தப் பாவிழை எழ வேண்டும் என்பதை ஜக்கார்டு பெட்டியின் அட்டையே சொல்லினும் அது கைத்தறியே. விசைத்தறி கைத்தறியன்று எனப் பிரித்து, சிலவகைத் துணிகளைக் கைத்தறிக்கே ஒதுக்கியது 1985-ஆம் ஆண்டுச் சட்டம். அங்ஙனமே, வேகத்தைத் தணிக்கும் உதவியை யாவர்க்கும் விடலாம், தானே தொடரும் இழுப்பைப் பதக்கப் போட்டிகளில் மட்டுப்படுத்தலாம் என்பது எமது அபிப்பிராயம். ஒரே போட்டியில் ஒருவன் 60 படத்திலும் மற்றவன் 120 படத்திலும் ஆடுதலையும் யாம் ஒப்போம். பணப்பையின் கனம் அங்கே குறிபார்க்கின்றது.

எதிராளி இல்லாத ஆட்டத்திற்கு இவ்வழக்கு ஒன்றும் இல்லை. 2020-இல் வந்த ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பாகம் 2’ குறியைப் பகைவன்மேல் தானே பூட்டும் வசதியை அளித்து, கை நடுங்குவோரும் பார்வை குன்றியோரும் ஆடுதற்கு வழி செய்தது. அதனைக் குறைகூறுவோர் உளராயின் அவருக்கு விடையளிக்க இப்பத்திரிகையில் இடம் போதாது.

புதிய பெட்டி வாங்க எண்ணும் மாணவர்க்கு ஒரு சொல். பெட்டி 120 படம் அனுப்பினும், தொலைக்காட்சி 60 ஹெர்ட்ஸ் ஆயின் அதற்குமேல் காட்டாது. மேலும் பல தொலைக்காட்சிகள் படத்தை அழகுபடுத்தும் பொருட்டு அதனைச் சிறிதுநேரம் தம்மிடமே வைத்துக்கொள்வன. அத்தாமதம் சில வேளைகளிற் பல படங்களின் காலத்தை விழுங்கிவிடும். அமைப்புப் பட்டியலில் ‘கேம் மோட்’ என்றிருப்பதை இயக்கினால் அது பெரிதும் குறையும். இதற்குக் காசு செலவில்லை.