பாதியில் நின்ற ஷட்டரை கம்ப்யூட்டருக்குச் சொல்வது எப்படி?

வேடசந்தூர் அருகே குடகனாற்றின் குறுக்கே கட்டிய மண் அணை, 1977 வெள்ளத்தில் உடைந்தது. நீரை வெளியேற்ற 5 ஷட்டர்கள், ஒவ்வொன்றும் 3.05 மீட்டர் அகலம். ஊழியர்கள் உடனே தூக்கத் தொடங்கினார்கள். ஆனால், கரன்ட் போய்விட்டது. ஜெனரேட்டரை இயக்கியும் முழுதாகத் தூக்க முடியவில்லை. வெள்ளம் கரைக்கு மேல் வழிந்து, பின்சரிவை அரித்துத் தள்ளியது.

இப்படியொரு வெள்ளத்தை இன்று சிஎஃப்டி மென்பொருளில் ஓட்டிப் பார்க்கலாம். அதில் சிக்கலான இடமே ஷட்டர்தான்.

எல்லை நிபந்தனை என்றால் என்ன?

மென்பொருள் நீர்ப்பரப்பைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வேகத்தையும் அழுத்தத்தையும் கணக்கிடும். பக்கத்துக் கட்டங்களைப் பார்த்துத்தான் இந்தக் கணக்கு. ஆனால், ஓரத்தில் இருக்கும் கட்டத்துக்கு அந்தப் பக்கம் எதுவும் இல்லை. அங்கே என்ன நடக்கிறது என்று நாம்தான் சொல்ல வேண்டும். அதுதான் எல்லை நிபந்தனை.

'இங்கே வேகம் இவ்வளவு', 'இங்கே அழுத்தம் இவ்வளவு', 'இது சுவர்' என்று ரெடிமேடாகச் சில உண்டு. ஆனால், ஷட்டர் வழியே போகும் நீரின் அளவு, நீர்மட்டத்தையும் திறப்பின் உயரத்தையும் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும்.

நாமே எழுதுவது எப்படி?

ஓப்பன்ஃபோமில் சி++ மொழியிலும், ஃப்ளூயன்டில் 'யூடிஎஃப்' என்ற பெயரில் சி மொழியிலும் எழுதலாம். ஒவ்வொரு நேரப் படியிலும் நம் கோடு செய்ய வேண்டியது மூன்றே வேலை:

1. அணையின் தற்போதைய நீர்மட்டத்தைப் படிப்பது.
2. அந்த நேரத்தில் ஷட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்று பார்ப்பது. கரன்ட் போன நேரம் இங்கேதான் கணக்கில் வரும்.
3. இரண்டையும் வைத்து வெளியேறும் வேகத்தைக் கணக்கிட்டு ஓரத்தில் பொருத்துவது.

தப்பாகச் சொன்னால்?

ஒரு உதாரணம். 5 ஷட்டரும் 3 மீட்டர் திறந்து, 5 மீட்டர் நீர் அழுத்தம் இருந்தால், விநாடிக்குச் சுமார் 270 கனமீட்டர் வெளியேறும். பாதிதான் திறந்தது என்றால் சுமார் 135. ஒரு மணி நேரத்தில் கிட்டத்தட்ட 49 கோடி லிட்டர் வித்தியாசம்!

இதற்கு மென்பொருள் 'எரர்' காட்டாது. 'முழுதாகத் திறந்தது' என்று சொன்னால் அப்படியே நம்பி, அழகான அனிமேஷனும் கொடுத்துவிடும். அதனால் ரன் முடிந்ததும் ஒரு கணக்கு போடுங்க: வந்த நீரில் வெளியேறியதைக் கழித்தால், அணையில் கூடிய நீர் வர வேண்டும். வரவில்லையா? கோடில் தப்பு. சரியாக வந்தாலும் ஒரு கேள்வி பாக்கி: கரன்ட் போனால் என்ன ஆகும் என்று எழுதினோமா?