விதையில் எவ்வளவு, மூளையில் எப்போது?

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் வேலியிலும் புதரிலும் தானாகப் படரும் பூனைக்காலியைத் தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் அறியாதவர் குறைவு. காய்மேல் படிந்திருக்கும் பொன்னிறச் சுணை கையில் பட்டால் அரிப்பு லேசில் அடங்காது. இதன் விதையிலிருந்துதான் 1937-இல் சென்னை சேப்பாக்கத்துப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில் தாமோதரனும் ராமசாமியும் லெவோடோபாவைப் பிரித்தெடுத்தார்கள். அதன் அருமை பிறகுதான் புரிந்தது. பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில், நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் டோபமின் வற்றிப்போயிருப்பதை 1960-இல் வியன்னாவில் ஹார்னிகீவிச் காட்டினார். மூளைக்குள் டோபமினாக மாறும் லெவோடோபாவைப் படிப்படியாகக் கூட்டிக் கொடுத்துக் கை நடுக்கத்தையும் உடல் இறுக்கத்தையும் தணிக்கலாம் என்பதை 1960-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் கோட்சியாஸ் நிறுவினார். மருந்து நம் மலையிலேயே விளைகிறது, பொடித்துச் சாப்பிட்டால் போதுமே என்ற எண்ணம் இங்கிருந்துதான் பிறக்கிறது. அந்த எண்ணம் பாதி வழியில் நின்றுவிடுகிறது என்பதே என் வாதம். எந்த நரம்பணு, எந்த நொடியில், எவ்வளவு டோபமினை வெளியே விடுகிறது என்பதில்தான் இந்த நோயின் முடிச்சு இருக்கிறது.

அந்த வெளியீட்டைக் கண்ணால் பார்க்க முடியாது. மூளைத் திரவத்தைச் சிறிது சிறிதாக எடுத்துச் சோதிக்கும் பழைய முறையில் ஒரு மாதிரி சேரவே நிமிடங்கள் ஆகும். அதற்குள் டோபமின் பலமுறை ஏறி இறங்கியிருக்கும். இந்தத் தடையை உடைத்தது கார்பன் இழை நுண்மின்முனை. தலைமுடியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு, அதாவது 7 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள இழையொன்றைக் கண்ணாடிக் குழாய்க்குள் உறிஞ்சி இழுக்கிறார்கள். குழாயைச் சூடாக்கி நீட்டும்போது கண்ணாடி இழையை இறுகப் பற்றிக்கொள்கிறது. வெளியே நீளும் நுனியை நுண்ணோக்கியின் கீழ் கத்தியால் வெட்டி, சுமார் 100 மைக்ரோமீட்டர் மட்டும் விடுகிறார்கள். அந்த நுனியில் மின்னழுத்தத்தை மைனஸ் 0.4 வோல்ட்டிலிருந்து 1.3 வோல்ட் வரை ஏற்றி இறக்க நொடியில் நூறில் ஒரு பங்குகூட ஆவதில்லை. அருகில் டோபமின் இருந்தால், குறிப்பிட்ட அழுத்தத்தில் ஒவ்வொரு மூலக்கூறும் இரண்டு எலக்ட்ரான்களை இழக்கிறது. அதனால் எழும் மின்னோட்டமே அளவு. நொடிக்குப் பத்து முறை இப்படி அளக்கலாம்.

இந்த மின்முனையை வளர்ப்புத் தட்டிலிருந்த எலியின் டோபமின் நரம்பணுக்கள்மேல் வைத்து, போதோஸ், சல்சர் குழுவினர் 1998-இல், நரம்பணுவுக்குள் டோபமினைச் சேர்த்துவைக்கும் ஒற்றை நுண்பையின் வெளியீட்டையே பதிவுசெய்தார்கள். ஒரு பையில் சுமார் 3000 மூலக்கூறுகள்தான். லெவோடோபா கொடுத்ததும் ஒவ்வொரு பையிலிருந்தும் வெளிவந்த அளவு கூடியது. மருந்து வேலை செய்யும் இடம் இதுதான். ஆனால் நோய் முற்றும்போது பை சுமக்கும் டோபமின் நரம்பணுக்களே அழிகின்றன. அப்போது லெவோடோபா எங்கே போகும்? செரட்டோனின் என்ற வேறொரு வேதிப்பொருளை வெளியிடும் நரம்பணுக்கள் அதை ஏற்று டோபமினாக மாற்றி வெளியே விடுகின்றன என்று எலிகளில் செய்த ஆய்வுகள் காட்டின. டோபமின் நரம்பணு தான் விட்டதை உணர்ந்து நிறுத்தும், மிஞ்சியதைத் திரும்ப உறிஞ்சும். செரட்டோனின் நரம்பணுவிடம் அந்தக் கட்டுப்பாடு இல்லை. பல ஆண்டுகள் மாத்திரை எடுத்தவர்களின் உடல் தானாக நெளிவதற்கு இந்தக் கட்டுப்பாடற்ற வெளியீடு முக்கியக் காரணம் என்று கருதப்படுகிறது. குறைவது அளவு மட்டுமானால் கூட்டிக் கொடுத்தே சரிசெய்துவிடலாம். தாளமும் தவறுவதால்தான் கூட்டக்கூடச் சிக்கல் வளர்கிறது.

எலிக்கு நடந்தது மனிதனுக்கும் நடக்குமா என்று கேட்பது நியாயம். மூளைக்குள் மின்முனை பொருத்தும் ஆழ்மூளைத் தூண்டல் அறுவைக்கு வந்த 17 பார்க்கின்சன் நோயாளிகளின் சம்மதத்துடன், கார்பன் மின்முனையால் அவர்களது மூளையிலேயே டோபமினின் நொடிக்கும் குறைவான ஏற்ற இறக்கத்தை அளந்த ஆய்வு 2016-இல் அமெரிக்காவில் வெளியானது. செரட்டோனின் கேள்விக்கு அது விடை சொல்லவில்லை. ஆனால் அதே அளவுகோல் மனித மூளையிலும் செல்லும் என்பதை ஐயமற நிறுவியது.

இன்னொரு மறுப்பு உள்ளூரிலிருந்து வரும்: விதை வேலை செய்கிறதே, பிறகென்ன? செய்கிறது, மறுக்கவில்லை. 2004-இல் லண்டனில் 8 நோயாளிகளிடம் நடந்த சோதனையில், 30 கிராம் பூனைக்காலிப் பொடி வழக்கமான மாத்திரையைவிட விரைவாகப் பலன் தந்தது. ஆனால் மாத்திரையில் லெவோடோபாவுடன் கார்பிடோபாவும் இருக்கிறது. மருந்து மூளையை எட்டுமுன் உடலிலேயே டோபமினாக மாறிக் குமட்டலைத் தூண்டாமல் தடுப்பது அதுதான். விதையில் அது கிடையாது. போதாதற்கு, லெவோடோபாவின் அளவு விதைக்கு விதை மாறும். நெல்லை மலைகளின் காணிக்காரப் பழங்குடியினர் இந்த விதையைப் பலமுறை வேகவைத்து நீரைக் கொட்டிவிட்டுத்தான் உண்கிறார்கள். கணக்கில்லாமல் சாப்பிடக்கூடாத பொருள் இது என்பதை அவர்கள் பழக்கமே சொல்லிவிடுகிறது. மாத்திரையும் எடுத்துக்கொண்டு, மருத்துவருக்குத் தெரியாமல் பொடியும் சேர்ப்பவர் இரட்டை அளவு எடுக்கிறார். அவர் உடல் நெளிந்தால் எதைக் குறைப்பது என்று மருத்துவரால் சொல்லவே முடியாது.

இத்தனை நுட்பமும் தென்காசி நோயாளிக்கு எட்டுமா என்பார்கள். மூளைக்குள் அளப்பது எட்டாது. அது ஆய்வகத்தின் வேலை. ஆனால் லெவோடோபாவும் டோபமினைப் போலவே கார்பன் மின்முனையில் எலக்ட்ரான்களை இழக்கும் பொருள். அதே வேதியியலைக் கொண்டு, விதைச்சாற்றில் எவ்வளவு லெவோடோபா இருக்கிறது என்று கல்லூரி வேதியியல் கூடத்திலேயே கண்டறிய வழியுண்டு. நாட்டு மருந்துக் கடையில் விற்கும் பொடியின் ஒவ்வொரு தொகுதிக்கும் அந்த எண்ணை அட்டையில் அச்சிட்டால், நரம்பியல் மருத்துவர் அதைக் கணக்கில் கொண்டு மாத்திரையின் அளவை முடிவுசெய்ய முடியும்.