மெய்யான ஆதரவாளர் யார்?

நல்லூர் ஒழுங்கைகளில் ஆர்ஜன்டீனா, பிரேசில் சட்டைகளைக் காண்கிறோம். நம் நாட்டு உதைபந்தாட்ட அணியின் சட்டையை அணிந்தவர் எத்தனை பேர்? 1995இல் கொழும்பில் இந்தியாவை 1–0 என வென்று தெற்காசியத் தங்கக் கிண்ணம் பெற்ற அணி அது. 2023 ஜனவரியில் பீபா இடைநிறுத்தி, ஆகஸ்டில் நீக்கியது. அம்மாதங்களிலும் அதைக் கைவிடாதவரே ஆதரவாளர்.

1990 அக்டோபர் 30இல் இரண்டு மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். புத்தளத்து அகதிக் கொட்டிலிலிருந்தும் யாழ்ப்பாணக் கழகங்களின் வெற்றி தோல்வியை விசாரித்த பெரியவர்களை நான் அறிவேன். துரையப்பா அரங்கின் வாசலையும் மிதிக்க இயலாதவர்கள்!

அநியாயம் செய்யும் சகோதரனுக்கும் உதவுமாறு நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். எப்படி என்று தோழர்கள் வினவ, அவனைத் தடுப்பதே உதவி என்றார்கள். நம் வீரர் எதிரணியினரை இடறி வீழ்த்தினால், நடுவரை ஏசுகிறீர்களா? 'தம்பி, பிழை' என்கிறீர்களா?