தையலை மறைக்காத சட்டை

காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் தொடங்கியது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல்தான் அதற்கு மூலப்பொருள். அந்த மண்ணுக்கே 1990களின் பொருளாதாரத் தடை சீமெந்தை எட்டாப் பொருளாக்கியது. பூச்சில்லாத சுவரும் ஒட்டுப்போட்ட சாரமும் யாழ்ப்பாணத்தாருக்கு இல்லாமையை நினைவூட்டுவது இயல்பு. ஆனால் இன்றைய உடை வடிவமைப்பாளர்கள் பலர் இவை இரண்டிலிருந்தும் அழகை எடுக்கிறார்கள்.

பிரான்சின் மார்செய் நகரில் கட்டடக்கலைஞர் லெ கொர்புசியே கட்டிய அடுக்குமாடி 1952இல் முடிந்தபோது, கொங்கிரீட்டில் வார்ப்புப் பலகைகளின் தடமும் வேலைப் பிசகுகளும் அப்படியே தெரிந்தன. அவர் அவற்றைப் பூசி மறைக்கவில்லை. அதன்பின் உலகமெங்கும் இந்தக் கரடுமுரடே ஒரு பாணியாயிற்று. நமக்குப் பக்கத்தில், புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி அதற்கும் முன்பே வெறுங் கொங்கிரீட்டைத் துணிந்து காட்டியது.

துணியின் கதை இன்னும் பழையது. குளிர் மிகுந்த வட யப்பானில் பருத்தி விளையாது. அதனால் ஏழை விவசாயிகள் கிடைத்த துண்டுகளையெல்லாம் அடுக்கி ஓட்டத்தையல் போட்டார்கள். அடுக்குகளுக்கிடையே தங்கிய காற்று குளிரைத் தடுத்தது. 'போரோ' எனப்படும் அந்த உடைகளை இன்று அருங்காட்சியகங்கள் சேகரிக்கின்றன. வங்காளத்துப் பெண்களின் காந்தாவும் பழைய சீலைகளை அடுக்கித் தைத்ததே.

ஒட்டுப்போடுவதிலும் நுட்பம் உண்டு. புதுத்துணியை முதலில் நனைத்துக் காயவைக்க வேண்டும். இல்லையேல் அது பின்னர் சுருங்கிப் பழைய துணியை இழுத்துக் கிழிக்கும். ஓட்டைக்குப் பாவுபோல ஒரு திசையில் நூலோட்டி, ஊடைபோல அதற்குக் குறுக்கே மேலும் கீழுமாகக் கோத்தால், அங்கே நெசவே மறுபடி உருவாகும். நூலின் நிறத்தை வேறாக எடுத்தால் திருத்தியது மறையாது, அலங்காரமாகும்.

யப்பானிய உடை வடிவமைப்பாளர்களான ரெய் கவாகுபோவும் யோஜி யமமோட்டோவும் 1981இல் பாரிசில் தம் உடைகளைக் காட்டினார்கள். அடுத்த ஆண்டில் கவாகுபோ, பின்னல் இயந்திரத்தின் திருகுகளைத் தளர்த்தி ஓட்டைகளுடன் பின்னிய மேலாடை பலரைத் திகைக்க வைத்தது. உடலை இறுக்காத கனத்த துணி, வெளியே தெரியும் மூட்டு, மடித்துத் தைக்காத ஓரம்: உடுத்தும் கட்டடம் என்றே இவற்றைச் சொல்லலாம்.

நம் வடக்கிலும் கிளிநொச்சிக் கலைஞர் வினோஜா தர்மலிங்கம், போர் சிதைத்த நிலத்தைத் துணியில் தையலாகப் பதிகிறார். அது உடையல்ல, ஓவியத்துக்குரிய இடத்தில் நிற்கும் கலை. உடைக்கும் அந்த வழி திறந்தே இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் தையலும் வடிவமைப்பும் படிக்கும் பிள்ளைகளே, வீட்டில் ஒட்டுப்போட்ட சீலை இருந்தால் எறியாதீர்கள். தைத்தவரிடமே கேட்டு அந்தத் தையலைப் பழகுங்கள்.