தட்டைக் காந்த ஹெட்போன்களின் ஒலியை ஒப்பிடும் முறை

ஹெட்போன்களின் ஒலியைப் பற்றிய கருத்துகள் ஆளுக்கு ஆள் மாறுபடுகின்றன. ஒரே கருவியை ஒருவர் தெளிவானது என்றும், மற்றொருவர் செவிக்கு உறுத்தலானது என்றும் கூறுவதுண்டு. இவ்வேறுபாடு முழுவதையும் தனிப்பட்ட விருப்பத்தின்மேல் ஏற்றிவிடுதல் பொருந்தாது. ஒலியின் அளவு, மெத்தை காதைச் சுற்றிப் படியும் விதம், கேட்கும் இடத்தின் இரைச்சல் ஆகிய மூன்றும் சமமாக இல்லாதபோது ஒப்பிடப்படுவது கருவியன்று, சூழ்நிலையே. ‘பிளேனர் மாக்னெடிக்’ எனப்படும் தட்டைக் காந்த ஹெட்போன்களுக்கு இது சிறப்பாகப் பொருந்தும். ஏறத்தாழ 10,000 ரூபாய் முதல் 40,000 ரூபாய் வரை விலையுள்ள இவ்வகைக் கருவிகளை இங்கு நடுத்தர விலையின என்று கொள்ளலாம். ஓர் ஆசிரியருக்கோ களப்பணியாளருக்கோ இது சிறு தொகையன்று. எனவே வாங்குமுன் ஒப்பிடும் முறையை அறிந்திருத்தல் நலம்.

மும்பை நகரின் காட்கோபர் பகுதி இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். மத்திய ரயில்வேயின் புறநகர்ப் பாதை இப்பகுதியைக் கிழக்கு, மேற்கு என இரண்டாகப் பிரிக்கிறது. 2014 ஜூன் 8-இல் திறக்கப்பட்ட மெட்ரோவின் முதற் பாதை, வெர்சோவாவிலிருந்து 11.4 கிலோமீட்டர் வந்து இங்கு முடிகிறது. மேற்கே லால் பகதூர் சாஸ்திரி சாலையும், கிழக்கே கிழக்கு விரைவுச் சாலையும் செல்கின்றன. மேற்கு நோக்கித் தரையிறங்கும் விமானங்கள் இப்பகுதியின் மேலாகத் தாழ்ந்து பறக்கின்றன. இத்தகைய இடத்தில் வாழ்வோர் ஹெட்போனைத் தேர்ந்தெடுக்கும்போது, அமைதியான அறையில் எழுதப்பட்ட மதிப்புரைகளை அப்படியே ஏற்றுக்கொள்ள இயலாது.

அமைப்பும் தத்துவமும்

சாதாரண ஹெட்போனில் கூம்பு அல்லது குமிழ் வடிவச் சவ்வு ஒன்றின் பின்புறம் சிறு கம்பிச்சுருள் ஒட்டப்பட்டிருக்கும். மின்னோட்டம் பாயும்போது சுருள் காந்தத்தின் இடையே அசைந்து சவ்வைத் தள்ளுகிறது. விசை சவ்வின் ஒரு பகுதியில் மட்டுமே செயற்படுவதால், உயர்ந்த அதிர்வெண்களில் சவ்வின் பிற பகுதிகள் அதனோடு இணங்கி அசைவதில்லை.

தட்டைக் காந்த ஹெட்போனில் சுருள் தனியாக இல்லை. மிக மெல்லிய பிளாஸ்டிக் படலத்தின் மேல் உலோகத் தடங்கள் படிய வைக்கப்பட்டிருக்கும். படலத்தின் ஒரு பக்கத்திலோ இரு பக்கங்களிலுமோ காந்தச் சட்டங்கள் வரிசையாக அமைந்திருக்கும். மின்னோட்டம் தடங்களின் வழியே பாயும்போது படலத்தின் பெரும்பரப்பு முழுவதும் ஏறக்குறைய ஒரே சீராகத் தள்ளப்படுகிறது. தாழ்ந்த சுரங்களில் ஒலித்திரிபு குறைவாக இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம். ஆயினும் காந்தச் சட்டங்கள் எடையைக் கூட்டுகின்றன. ஒலி செல்லும் வழியிலும் நிற்கின்றன. அவற்றின் விளிம்புகளில் ஒலியலைகள் மோதிச் சிதறுவதால் உயர்ந்த அதிர்வெண்களில் சில மேடுகளும் பள்ளங்களும் தோன்றக்கூடும்.

இத்தத்துவம் புதியதன்று. 1970-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் வார்ஃப்டேல் நிறுவனமும், 1976-இல் ஜப்பானின் யமஹா நிறுவனமும் இவ்வகைக் கருவிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தன. 1980-களில் வழக்கிற்கு வந்த நியோடிமியக் காந்தம் சிறிய பருமனில் வலிமையான புலத்தைத் தருவதால் பிற்காலக் கருவிகளுக்குப் பெரிதும் உதவியது.

ஒலியளவைச் சமப்படுத்துதல்

இரு ஒலிகளில் ஒன்று சிறிதளவே உரத்திருந்தாலும், கேட்பவர் அதை ‘உரத்தது’ என்று உணராமல் ‘சிறந்தது’ என்று உணர்கிறார். ஒப்பீட்டில் நேரும் பிழைகளுள் இதுவே தலையாயது.

நடுத்தர விலையில் அறிமுகமான இரு கருவிகளை நோக்குக. ஹைஃபைமேன் சுந்தரா என்னும் கருவிக்குத் தயாரிப்பாளர் தந்துள்ள அளவுகள் 37 ஓம் மின்தடை, 94 டெசிபெல் உணர்திறன். ஃபாஸ்டெக்ஸ் டி50ஆர்பி மூன்றாம் பதிப்பிற்கு அவை 50 ஓம், 92 டெசிபெல். உணர்திறன் இரண்டையும் 1 மில்லிவாட்டுக்கு உரியதாகக் கொண்டு, இரண்டிற்கும் 0.2 வோல்ட் தருவதாக வைத்துக்கொண்டால், முன்னது ஏறத்தாழ 1.08 மில்லிவாட் ஏற்று 94.3 டெசிபெல் தரும், பின்னது 0.8 மில்லிவாட் ஏற்று 91 டெசிபெல் தரும். ஆகவே திருகு குமிழை அசைக்காமல் ஒன்றைக் கழற்றி மற்றொன்றை மாட்டினால் 3 டெசிபெலுக்குச் சற்று மேற்பட்ட வேறுபாடு உண்டாகும். இது இருமடங்கு மின்திறனுக்கு ஒப்பாகும். அந்நிலையில் எழுதப்படும் தீர்ப்பு எதுவாயினும் அதற்கு மதிப்பில்லை.

இதனைத் தவிர்க்க விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. கெட்டியான அட்டை ஒன்றின் நடுவே துளையிட்டு, அதில் கைபேசியின் ஒலிவாங்கி பொருந்துமாறு வைத்து, ஹெட்போனின் ஒரு கிண்ணத்தை அட்டையின்மேல் சீராக அழுத்த வேண்டும். மழையின் ஓசையைப் போன்ற சீரான இரைச்சலை ஒலிக்கச் செய்து, ஒலியளவு காட்டும் செயலியின் அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்த ஹெட்போனை அதே இடத்தில் வைத்து, அதே அளவு வரும்வரை குமிழைத் திருப்ப வேண்டும். கைபேசி காட்டும் எண் உண்மையான டெசிபெல் அளவாக இல்லாமற் போகலாம். ஆனால் ஒரே கைபேசியைக் கொண்டு இரண்டையும் ஒப்பிடும்போது அப்பிழை இரண்டிற்கும் பொதுவாகிவிடுகிறது. அரை டெசிபெலுக்குள் இணங்கினால் போதுமானது.

இங்கு மற்றொரு செய்தியும் கவனிக்கத்தக்கது. சுருள் உள்ள ஹெட்போனின் மின்மறுப்பு அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறும். தட்டைக் காந்தக் கருவியில் அது எல்லா அதிர்வெண்களிலும் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கிறது. எனவே தேவையான ஒலியளவை முறையாகச் செய்யப்பட்ட எந்தப் பெருக்கி எட்டினாலும், ஒலியின் தன்மை பெரிதும் மாறுவதில்லை. பெருக்கியை மாற்றியதும் ஒலி மாறியதாகத் தோன்றினால், முதலில் ஒலியளவு மாறியதா என்று ஆராய வேண்டும்.

மெத்தையின் பொருத்தம்

மூக்குக் கண்ணாடியின் காம்போ, அடர்ந்த தலைமுடியோ மெத்தைக்கும் கன்னத்திற்கும் இடையே வழி ஏற்படுத்தினால் தாழ்ந்த சுரங்கள் குறைந்துவிடும். கண்ணாடி அணிந்தவர் ஒருவரும் அணியாதவர் ஒருவரும் ஒரே கருவியில் வெவ்வேறு ஒலியைக் கேட்பதற்கு இது ஒரு காரணம். ஒவ்வொரு கருவியையும் மும்முறையேனும் கழற்றி அணிந்து கேட்டல் வேண்டும்.

எவற்றைக் கேட்பது?

நன்கு பழகிய ஒலிகளே தக்க சோதனைப் பொருள்கள். ஒரு கட்டைச் சுருதியில் தம்பூராவின் மந்தர ஷட்ஜம் ஏறத்தாழ 65 ஹெர்ட்ஸ் ஆகும். குதிரையின்மேல் இடப்படும் நூலினால் அதே தந்தி ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸ் வரை மேற்சுரங்களை எழுப்புகிறது. ஆகவே ஒரே மீட்டலில் தாழ்ந்த ஒலியையும் உயர்ந்த ஒலியையும் சோதிக்கலாம். மேற்சுரங்கள் நெடுநேரம் ஒலித்து இயல்பாகத் தேய்ந்து மறைகின்றனவா, ஓரிடத்தில் மட்டும் கூர்மையாகத் துருத்துகின்றனவா என்பதைக் கவனிக்க வேண்டும். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் தாழ்ந்த ஒலியின் கட்டுப்பாட்டை நன்கு காட்டும்.

களப்பணியாளருக்கும் ஆசிரியருக்கும் இசையைக் காட்டிலும் பேச்சு முதன்மையானது. தமிழின் ழகரத்தை ஒலிக்கும்போது குரல்வழியின் மூன்றாம் ஒத்ததிர்வு தாழ்ந்து 2,000 ஹெர்ட்ஸை ஒட்டி வருகிறது. லகரத்தில் அது உயரத்தில் நிற்கிறது. ஹைஃபைமேன் வகைக் கருவிகள் பலவற்றில் 1,000 முதல் 2,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதி சற்றுத் தாழ்ந்திருக்கும். அதனால் இசையரங்கம் விரிந்ததுபோல் தோன்றினும், பேசுவோரின் குரல் சற்றுப் பின்னே நிற்பதாகப் படும். ஃபாஸ்டெக்ஸ் கருவியில் இடைப்பகுதி முன்னிற்கிறது. மிகத் தாழ்ந்த சுரங்கள் குறைகின்றன. பதிவு செய்த பேச்சை எழுத்தில் பெயர்ப்பவருக்குப் பின்னதும், இசை கேட்போருக்கு முன்னதும் ஏற்புடையனவாகலாம். ஒலியளவைச் சமப்படுத்திய பின்னும் எஞ்சி நிற்பவை இத்தகைய வேறுபாடுகளே.

இடமும் செவிநலமும்

சுந்தரா போன்ற திறந்த அமைப்புடைய ஹெட்போன்கள் வெளி இரைச்சலை ஏறத்தாழ அப்படியே உள்ளே விடுகின்றன. அரைத்திறப்பு அமைப்புடைய ஃபாஸ்டெக்ஸ் கருவியும் முழுமையாகத் தடுப்பதில்லை. ரயிலும் கனரக வாகனங்களும் எழுப்பும் இரைச்சலில் தாழ்ந்த அதிர்வெண்கள் மிகுதி. அவை இசையின் தாழ்ந்த சுரங்களை மறைத்துவிடுகின்றன. தட்டைக் காந்தக் கருவியின் தலைசிறந்த குணம் எதுவோ, அதுவே முதலில் இழக்கப்படுகிறது.

இழப்பு இத்துடன் நிற்பதில்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியின் வரம்பு பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல். வரம்பை மீறும் சாலையோரத்து அறையில் கேட்பவர், மறைந்த ஒலியை மீட்கக் குமிழைத் திருப்பிக்கொண்டே போகிறார். பெரியோர் வாரத்திற்கு 40 மணி நேரம் 80 டெசிபெல் வரை கேட்கலாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். ஒவ்வொரு 3 டெசிபெல் ஏற்றத்திற்கும் அந்நேரம் பாதியாகிறது. 83 டெசிபெலில் 20 மணி, 86 டெசிபெலில் 10 மணி, 89 டெசிபெலில் 5 மணி நேரமே பாதுகாப்பானது. நாள்தோறும் இரண்டு மணி நேரம் பதிவுகளைக் கேட்டு எழுதும் பணியாளர் 89 டெசிபெலில் கேட்பாராயின், மூன்றாம் நாளிலேயே வார வரம்பைக் கடந்துவிடுவார். உரத்த ஒலியால் உட்செவியின் மயிர்க்கலங்கள் அழிந்தால் அவை மீண்டும் வளர்வதில்லை.

ஆதலின் காட்கோபர் நிலையத்தை அடுத்தோ நெடுஞ்சாலையை ஒட்டியோ வாழ்பவர், கருவிகளைத் தம் வீட்டிலேயே, தாம் வழக்கமாகக் கேட்கும் வேளையிலேயே சோதித்தல் வேண்டும். அங்கு இரவிலும் அமைதி கிடைக்காதாயின், திறந்த அமைப்புடைய தட்டைக் காந்த ஹெட்போனைக் காட்டிலும், குறைந்த விலையில் கிடைக்கும் மூடிய அமைப்புடைய சாதாரண ஹெட்போனே அவருக்கு நல்ல ஒலியைத் தரும். அமைதியான உள்ளறை உடையவர் ஒலியளவைச் சமப்படுத்தி, மெத்தையின் பொருத்தத்தைச் சரிபார்த்து, தம் பணிக்குரிய ஒலிகளைக் கேட்டுப் பார்த்த பின்னரே பணத்தைச் செலவிடுதல் தக்கதாகும்.