பழைய இயந்திரத்துக்கு நாடி பார்ப்பது எப்படி?

வீட்டு மின்விசிறி பழுதாகப் போகிறது என்பது உங்களுக்கு எப்படித் தெரிகிறது? பெரும்பாலும் காதுதான் முதலில் சொல்லும். வழக்கமான ஓசைக்கு நடுவே ஒரு கரகரப்பு சேர்ந்துகொள்ளும். தொழிற்சாலைகளிலும் இதே கதைதான். அனுபவமுள்ள பழுதுபார்ப்பவர் நீண்ட ஸ்க்ரூடிரைவரின் நுனியை மோட்டாரின் பேரிங் இருக்கும் இடத்தில் வைத்து, கைப்பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்பார். இரும்பின் வழியே வரும் ஓசை காற்றில் வருவதைவிடத் தெளிவாக இருக்கும். "இன்னும் ஒரு மாதம் தாங்கும்" என்பார். தாங்கும்.

அவர் பணி ஓய்வு பெற்றால்? அந்தக் காதும் அவரோடு வீட்டுக்குப் போய்விடும்.

இலக்கவியல் தொழிற்சாலை என்றதும் நமக்கு இயந்திரக் கைகளையும் ஆளில்லாக் கூடங்களையுமே படம் காட்டுகிறார்கள். 2011இல் ஜெர்மனியின் ஹனோவர் கண்காட்சியில் 'தொழில்துறை 4.0' என்ற சொல் அறிமுகமானது. நம் நாட்டிலும் 2018 அக்டோபரில் 'இண்டஸ்ட்ரி ஃபார்வர்ட்' தேசியக் கொள்கை வெளியானது. ஆனால் ஐம்பது பேர் வேலை செய்யும் ஒரு பிளாஸ்டிக் பொருள் தொழிற்சாலை, இருபது ஆண்டுப் பழைய இயந்திரங்களைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியவை வாங்க முடியுமா? வாங்கத் தேவையில்லை என்பதே என் கருத்து. இருப்பதைப் பேச வைக்கலாம். அதற்கான அறிவியல் இடைநிலைப்பள்ளி இயற்பியலைத் தாண்டி வெகுதூரம் போவதில்லை.

அந்தப் பழுதுபார்ப்பவரின் காது எதைக் கேட்டது என்று பார்ப்போம். நம் நாட்டு மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். அதில் ஓடும் நான்கு துருவ மோட்டார், சுமையோடு நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,450 முறை சுற்றும். விநாடிக்கு 24 முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 6205 என்ற எண்ணுள்ள பேரிங் இருந்தால், அதற்குள் பொதுவாக 9 எஃகுப் பந்துகள் இருக்கும். அதன் வெளி வளையத்தில் ஊசிமுனை அளவு பள்ளம் விழுந்துவிட்டது. ஒவ்வொரு பந்தும் அதன் மேல் ஏறி இறங்கும்போது ஒரு தட்டல். தண்டு ஒருமுறை சுற்றினால் 9 தட்டல்கள் என்றுதான் நினைப்போம். ஆனால் பந்துகள் தண்டின் வேகத்தில் பாதிகூடச் சுற்றுவதில்லை. அதனால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 3.58 தட்டல்கள், அதாவது விநாடிக்கு 87. பள்ளம் உள் வளையத்தில் இருந்தால் ஒரு சுற்றுக்கு 5.42, விநாடிக்கு 131. (3.58ஐயும் 5.42ஐயும் கூட்டிப் பாருங்கள். 9 வரும். காரணத்தை நீங்களே யோசியுங்கள்.)

கைப்பேசியைத் திருப்பினால் திரையும் திரும்புகிறதல்லவா? அதற்குக் காரணமான முடுக்க உணரியின் இனத்தைச் சேர்ந்த ஒன்றை மோட்டாரில் பொருத்தி, அதிர்வை அதிர்வெண் வாரியாகப் பிரித்தால், 87 ஹெர்ட்ஸில் ஒரு முகடு வாராவாரம் உயர்வதைப் பார்க்கலாம். இயந்திரம் நிற்பதற்கு முன்பே பேரிங்கை வாங்கி வைக்கலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். 131 ஹெர்ட்ஸ் அதிர்வைப் பிடிக்க, விநாடிக்கு 262 முறைக்கு மேல் அளக்க வேண்டும். நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் அளக்கும் கருவியை அதிர்வுக் கண்காணிப்பு என்று யாராவது விற்க வந்தால், இந்தக் கணக்கைக் கேளுங்கள்.

இன்னும் எளிய வழிகளும் உண்டு. படிவம் ஐந்தில் படிக்கும் மின்மாற்றித் தத்துவத்தில் இயங்கும் ஒரு வளையத்தை, மின்கம்பியை வெட்டாமல் அதன் மேல் கவ்வ வைத்தால் போதும். மின்னோட்டத்தின் அளவே இயந்திரம் வேலை செய்கிறதா, சும்மா ஓடுகிறதா என்று காட்டிவிடும். இயந்திரத்தின் தலையில் எரியும் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகள் மேல் ஒளி உணரிகளை ஒட்டியும் அதன் நிலையைப் பதிவு செய்யலாம். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 2018இல் தொடங்கிய 'ஷூஸ்ட்ரிங்' திட்டம், ராஸ்பெரி பை போன்ற விலை குறைந்த கருவிகளைக் கொண்டு சிறு தொழிற்சாலைகளை இலக்கவியலுக்குக் கொண்டுவர முயன்றது.

இப்படிச் சேரும் எண்கள் முதலாளியின் தூக்கத்தைக் கெடுக்கலாம். 480 நிமிட ஷிப்டில் ஒரு மணி நேரம் இயந்திரம் நின்றது: 87.5 விழுக்காடு. ஓடிய நேரத்தில் வேகம் 90 விழுக்காடு. வந்த பொருள்களில் நல்லவை 95 விழுக்காடு. தனித்தனியே பார்த்தால் எல்லாம் நல்ல மதிப்பெண்கள்தாம். மூன்றையும் பெருக்கினால் 75 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை.

இணையத்தோடும் இணைத்துவிட்டால் வேறொரு தலைவலி. 2018 ஆகஸ்டில் தைவானின் டிஎஸ்எம்சி சில்லுத் தொழிற்சாலைகளில், நச்சுநிரல் சோதனை செய்யாமல் இணைத்த ஒரு புதிய கருவியிலிருந்து தொற்று பரவி உற்பத்தி நின்றது. பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை என்றால், அலுவலகக் கணினியும் இயந்திரங்களும் ஒரே வைஃபையில் இருக்கும் சிறு பட்டறையை நினைத்துப் பாருங்கள். இரண்டையும் தனித்தனி வலையில் வைப்பதே முதல் வேலை.

இவற்றையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. இயந்திரம் 10.20க்கு நின்றது என்று உணரி சொல்லும். ஏன் நின்றது என்று சொல்லாது. மூலப்பொருள் தீர்ந்ததா, அச்சு மாட்டிக்கொண்டதா, ஊழியர் கழிவறைக்குப் போனாரா? அதைப் பக்கத்தில் நிற்பவர்தான் திரையில் தட்ட வேண்டும். அந்தத் திரை அவரைத் தண்டிக்க வைத்த கண் என்று அவர் நினைத்துவிட்டால், எல்லாக் காரணங்களுக்கும் 'மற்றவை' என்ற பொத்தானையே அழுத்துவார். திரை ஆங்கிலத்தில் மட்டும் இருந்து, நிற்பவர் நேப்பாளத்திலிருந்தோ வங்காளதேசத்திலிருந்தோ வந்தவராக இருந்தாலும் அதே பொத்தான்தான். மாதக் கடைசியில் அந்தப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். 'மற்றவை' முதலிடத்தில் இருந்தால், உணரியைச் சோதிக்கும் முன் அந்த ஊழியரிடம் போய்ப் பேசுங்கள்.